இரண்டாவது சத்தம்

ஒழுகுகிற குழாய்க்கு ஒரு சத்தம்தான் இருக்க வேண்டும். இந்தக் குழாய்க்கு இரண்டு இருந்தது.

சொட்டு விழுகிற சத்தம் ஒன்று. அது எல்லா வீட்டுக் குளியலறையிலும் கேட்பதுதான். அதற்கு ஒரு மூச்சு தள்ளி, அதைவிட மெல்லியதாக, அடியிலிருந்து இன்னொன்று வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றால்தான் கேட்கும். ஒருமுறை கேட்டுவிட்டாலோ, அப்புறம் அடுக்களையில் பாத்திரம் உருண்டாலும் தெருவில் லாரி போனாலும் அது மட்டும் தனியாகக் காதில் வந்து விழும். வேறு யாராக இருந்தாலும் பழைய வீடு, பழைய குழாய் என்று விட்டிருப்பார்கள். மெஷினக்காவால் விட முடியவில்லை.

மெஷினக்கா என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. தையல் கடைகளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவாள். பெரிய கோளாறு என்றால் மெஷினையே வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் போட்டுப் பிரிப்பாள். கை வைப்பதற்கு முன்னால் மெஷினைச் சும்மா ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவள் வழக்கம். ஒரு தட்டு தட்ட வேண்டிய இடத்தில் இரண்டு தட்டு கேட்டால், உள்ளே எதுவோ இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பாதி ரிப்பேர் அவளுக்குக் காதிலேயே முடிந்துவிடும்.

இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்த இரண்டாவது சத்தம் அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அதைவிட அதிகமாகக் குடைந்தது கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா.

தண்ணீர் விஷயத்தில் வீட்டுக்காரர்கள் எப்படி என்று வாடகை வீடுகளில் அடிபட்டு வந்த மெஷினக்காவுக்குத் தெரியாதா? போர்வை துவைத்தால் முறைப்பார்கள். விருந்தாளி வந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். இந்த அம்மாவோ, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்றதும், "ஒழுகட்டும்மா, ஒழுகினா என்ன?" என்றாள்.

"ராவும் பகலும் சொட்டிக்கிட்டே இருக்கும்மா. நானே பிரிச்சுப் பாத்துடறேன். உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல."

"தொடாத. கைப்பிடி இறுகிப் போயிருக்கு. பலமாத் திருப்பினா குழாயே கையோட வந்துரும். முன்னாடி இருந்தவங்களும் அப்படியேதான் விட்டு வெச்சிருந்தாங்க." சொல்லிக்கொண்டே வீட்டுக்காரம்மா கையிலிருந்த சின்னப் புட்டியைத் திறந்து கண்ணில் மருந்து விட்டுக்கொண்டாள். அவளுக்கு எப்போதும் கண் சிவந்து வறண்டிருக்கும்.

அதோடு போயிருந்தால் பெருந்தன்மை என்று நினைத்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மாடிக்கு வருவாள். வந்தவள் உட்கார மாட்டாள். பேச்சு வாயில் இருக்கும், பார்வை குளியலறைக் கதவில் இருக்கும். தொட்டி கால்வாசி குறைவதற்குள் மோட்டார் ஓடும். குழாய்க்கு நேர் கீழே, தரையில், தண்ணீர் போகிற துளை மூடியில்லாமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கரப்பான் வருமே என்று மெஷினக்கா கடையிலிருந்து ஒரு கம்பிமூடி வாங்கிப் போட்டாள். மறுநாளே வீட்டுக்காரம்மா அதைக் கையால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "அடைச்சுக்கும்மா, வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் ஒரு கரப்பான்கூடக் கிடையாது என்பது மெஷினக்காவுக்குப் பிறகுதான் உறைத்தது.

ஒழுகுகிற தண்ணீரை வீணாக்குவானேன் என்று ஒரு காலையில் குழாயடியில் வாளியை வைத்துவிட்டு, மகள் குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது வாளி ஒரு சாண் தள்ளி இருந்தது. சொட்டு நேராகத் துளைக்குள் விழுந்துகொண்டிருந்தது. வாளியின் அடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

இந்த அம்மாவிடம் மாற்றுச் சாவி இருக்கிறது, நாம் இல்லாத நேரத்தில் வந்து போகிறாள் என்று மெஷினக்கா முடிவு கட்டினாள். நாம் குடியிருக்கிற வீட்டில் ஒருத்தி நுழைந்து வாளியை நகர்த்துகிறாள் என்றால் வேறு எதையெல்லாம் நகர்த்துவாள்? மறுநாள் வாளியை மறுபடி வைத்தாள். கதவைப் பூட்டியபின், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளை நூல் ஒன்றைத் தாழ்ப்பாளிலிருந்து நிலைக்கட்டைக்கு இழுத்து ஒட்டினாள். நூல் அவள் தொழில். யாராவது கதவைத் திறந்தால் அறுந்துவிடும், மறுபடி ஒட்டினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

மாலையில் நூல் ஒட்டியபடியே இருந்தது. வாளி ஒரு சாண் தள்ளி இருந்தது.

அவள் கணவன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். அன்று போனில் அவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"கேளு டாக்டர்." மெஷினுக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்று அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். "அந்தம்மாவுக்குத் தனியா இருந்து பொழுது போகல. நான் இல்லாம உனக்கும் பொழுது போகல. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு குழாய வெச்சுப் படம் ஓட்டறீங்க."

"வாளி தானா நகருமாங்க?"

"குட்டி தள்ளியிருப்பா."

"குட்டி என்கூடத்தான வெளிய வந்தா."

"சரி, நான் வந்து பாக்கறேன்" என்றான். கட்டில் கால் ஆடுவதற்கும் அவன் அதையேதான் சொல்லியிருந்தான்.

அந்த வாரம் குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து வயதுக் குழந்தை. உடம்பு அனலாகக் கொதித்தது, ஆனால் துளி வேர்க்கவில்லை. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "நல்லாத் தூங்கணும். தூங்கி வேர்த்துட்டா இறங்கிரும். தண்ணி நிறையக் குடுங்க" என்றார். அந்தத் தூக்கம்தான் வரவில்லை. கண் செருகும், உடனே திடுக்கிட்டு விழித்துக்கொள்ளும். மெஷினக்கா குளியலறைக் கதவைச் சாத்தினாள், படுக்கையறைக் கதவைச் சாத்தினாள், குட்டியின் காதில் பஞ்சு வைத்தாள். குட்டி பஞ்சைப் பிடுங்கிப் போட்டது.

"அம்மா, அது முழுங்குதும்மா."

"எதுடா கண்ணு?"

"குழாய்க்குக் கீழ."

இத்தனை நாளாக அந்தச் சத்தத்துக்கு மெஷினக்காவுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. காய்ச்சல் குழந்தை சொல்லிவிட்டது. "சொட்டுற சத்தம்டா. அம்மா சரி பண்ணிடறேன், நீ தூங்கு" என்றாள். குட்டியின் கை அவள் மணிக்கட்டைச் சுட்டது.

மறுநாள் வீட்டுக்காரம்மாவின் தங்கைக்கு ஆபரேஷன் என்று செய்தி வந்தது. பையோடு மாடிக்கு வந்து மோட்டார் அறைச் சாவியைக் கொடுத்தாள். குட்டியை எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளியலறையை எட்டிப் பார்த்தாள்.

"தொட்டிய ரொப்பி வெச்சிருக்கேன். குறையறதுக்கு முன்னாடி மோட்டார் போட்டுரு. அந்தக் குழாய் மட்டும் நிக்காமப் பாத்துக்கோ."

"நின்னா என்னம்மா ஆகும்?"

வீட்டுக்காரம்மா படியில் ஒரு காலை வைத்தபடி அவளையே பார்த்தாள். "நிக்காது" என்றாள். கீழே கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

இனி என்ன யோசனை? குழந்தை தூங்கியாக வேண்டும். அந்த அம்மா ஊரில் இல்லை. கழற்ற முடியாத திருகு என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பது மெஷினக்காவின் நம்பிக்கை. ஐம்பது வருஷத்துத் துரு பிடித்த மெஷினையெல்லாம் அவள் பிரித்திருக்கிறாள். மத்தியானம், குட்டிக்குப் பால் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனாள்.

முதலில் வெளிச்சுவரில் இருந்த வால்வை மூடினாள். குழாயின் சொட்டு மெலிந்தது, இடைவெளி கூடியது. கடைசிச் சொட்டு நுனியில் வெகுநேரம் தொங்கி விழுந்தது. இரண்டாவது சத்தமும் வந்தது.

அதற்குமேல் சொட்டு இல்லை. ஆனால் அந்தச் சத்தம் இன்னொரு தடவை வந்தது.

மெஷினக்கா ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அப்படியே நின்றாள். விழாத சொட்டுக்கு எதற்குச் சத்தம்? சற்றுப் பொறுத்து, கொஞ்சம் நீளமாக, மறுபடியும் வந்தது. பிறகு ஓய்ந்தது. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

கைப்பிடி வட்டமான பித்தளைச் சக்கரம், மேல் பூச்சு உரிந்து பச்சை பூத்திருந்தது. நடுவில் ஒரு சின்ன மூடி. அதைக் கத்தி நுனியால் நெம்பி எடுத்தால் உள்ளே ஸ்க்ரூ தெரியும். மூடி வந்தது. ஸ்க்ரூ தெரியவில்லை. குழி நிறைய சாம்பல் நிற ஒட்டுமாவு, கல்லாக இறுகிக் கிடந்தது. ஒழுகலை அடைக்கப் பூசுகிற மாவை எந்தப் புத்திசாலி ஸ்க்ரூவின் தலையில் பூசினான் என்று திட்டிக்கொண்டே, தடித்த ஊசியும் சின்னச் சுத்தியலும் வைத்துத் துளித்துளியாகக் கொத்தி எடுத்தாள். அடியில் ஸ்க்ரூவின் தலை பளிச்சென்று தெரிந்தபோது அவள் கை நின்றுவிட்டது. தலையில் வெட்டு இல்லை. அரம் வைத்து ராவி, விரல் நகம்போல வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள்.

இது கை தவறி நடந்த வேலை இல்லை. யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, இதை இனி எவனும் திறக்கக் கூடாது என்று செய்த வேலை. யாரோ என்ன யாரோ? அந்த அம்மாதான். ஒழுகுகிற குழாயைத் திட்டம் போட்டு ஒழுகவே விட்டிருக்கிறாள். எதற்கு? நம்மைத் தூங்கவிடாமல் விரட்டவா? விரட்டுகிறவள் எதற்குக் குடிவைத்தாள்? கீழ்வீட்டில் நடக்கிற எதையாவது நாம் கேட்டுவிடக் கூடாது என்று மறைக்கவா? அந்தத் துளைக்குள் எதையாவது போட்டு வைத்திருக்கிறாளா? ஒவ்வொரு சந்தேகமும் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. கோபம் மட்டும் முழுசாக வந்தது.

வெட்டு இல்லாவிட்டால் வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். உடைந்த ரம்பத் தகட்டின் முனையை வைத்து ஸ்க்ரூவின் தலையில் புதிதாக ஒரு கோடு இழுத்தாள். மெஷின் எண்ணெய் விட்டு ஊறவைத்தாள். இறுகின திருகை எடுத்தவுடன் கழற்றப் போகக் கூடாது, முதலில் இம்மி அளவு இன்னும் இறுக்க வேண்டும், அப்போதுதான் அதன் பிடிவாதம் விடும். இறுக்கினாள். க்றீச் என்றது. எதிர்ப்பக்கம் திருப்பினாள். வந்தது.

ஸ்க்ரூ வந்தும் கைப்பிடி வரவில்லை. துருவும் சுண்ணாம்புமாகத் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்டினாலும் தட்டினாலும் அசைந்து கொடுக்கவில்லை. சூடு காட்டினால் இளகும். துண்டு ஒன்றைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, கைப்பிடியைச் சுற்றி இறுக்கக் கட்டிவிட்டு, குட்டி கூப்பிட்ட குரலுக்கு ஓடினாள்.

"நின்னுடுச்சாம்மா?"

"நின்னுடுச்சுடா. கண்ண மூடு."

குட்டி இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடியது. தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள்.

துண்டு கைப்பிடியில் இல்லை. தரையில் கிடந்தது. ஒரு முனை துளைக்குள் இறங்கியிருந்தது. கட்டு அவிழ்ந்து விழுந்திருக்கும். விழுந்துதான் இருக்கும். குனிந்து எடுத்தாள். மொறமொறவென்று காய்ந்திருந்தது. சூட்டில் காய்ந்துவிட்டது என்று நினைக்கும்போதே, இழுத்த துண்டு ஒரு கணம் வரவில்லை.

அப்புறம் வந்தது.

துளைக்குள் இருந்த முனை கூராக, முறுக்கி வைத்ததுபோல இருந்தது. குட்டி பால் மறந்த காலத்தில் போர்வை நுனியைச் சப்பிச் சப்பி இப்படித்தான் வைத்திருக்கும்.

மெஷினக்கா துண்டைத் தூரப் போட்டாள். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போய் என்ன செய்வது? கைப்பிடி பாதி கழன்றிருக்கிறது, வால்வைத் திறந்தால் மறுபடி சொட்டும், குழந்தை மறுபடி விழிக்கும். பிளாஸ்டிக் பேசினைத் துளைமேல் கவிழ்த்து, அதன்மேல் கனமான ஸ்பேனர்களை வைத்தாள். எலியாக இருக்கும் என்றாள். எலி என்று முடிவு செய்ததும் கைக்குக் கொஞ்சம் பலம் வந்தது.

கால்மெஷினின் பழைய தோல் பெல்ட் பையில் இருந்தது. அதைக் கைப்பிடிக்குப் பின்னால் கொடுத்து, இரண்டு முனையையும் கையில் சுற்றிக்கொண்டு, ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். ஓரத்தில் சுத்தியல் பிடியால் தட்டினாள். மறுபடி இழுத்தாள். வேர்வை மூக்கு நுனியில் இறங்கியது. டப்பென்று கைப்பிடி கையோடு வந்தது.

மிச்ச வேலை நொடியில் முடிந்தது. தண்டைக் கழற்றி அடியிலிருந்த வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். தேயவே இல்லை. ஓரத்தில் பிளேடு வைத்து, கோணல் இல்லாமல், ஒரு சின்னக் கீற்று வெட்டியிருந்தார்கள், ஒரு சொட்டு மட்டும் போகிற அளவுக்கு. அவளுக்கு ஆச்சரியம்கூட வரவில்லை. அந்த அம்மா திரும்பி வரட்டும், முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு புது வாஷரைப் போட்டு, எல்லாவற்றையும் பூட்டி, வால்வைத் திறந்தாள். கைப்பிடி இரண்டு விரலுக்கு வெண்ணெயாகத் திரும்பியது. குழாய் நுனியில் ஒரு சொட்டு இல்லை.

வீட்டில் விழுந்த அமைதி அவளுக்குப் புதுசாக இருந்தது. படுக்கையறையில் குட்டி வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. அடித்துப்போட்ட தூக்கம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த மெஷினக்கா சந்தோஷமாகப் போர்வையை இழுத்துவிட்டாள்.

அவளும் கண்ணயர்ந்திருக்க வேண்டும். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் சிவந்துகொண்டிருந்தது. எழுந்ததுமே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. குட்டிக்காக வைத்திருந்த தம்ளரை எடுத்தாள். காலி. முக்கால் தம்ளர் தண்ணீர் இருந்ததே? குட்டி குடித்திருக்கும். அடுக்களைக்குப் போனாள். குடத்தின் மூடி மூடியபடி இருந்தது. திறந்தாள். உள்ளே தண்ணீர் இல்லை. அடியில் ஈரம்கூட இல்லை. துடைத்து வைத்த குடம்.

அண்டாவில் நனையப் போட்டிருந்த துணி விறைத்துக் கிடந்தது. காலையில் தேய்த்த சோப்பு பாளம் பாளமாக வெடித்திருந்தது.

குளியலறையை எட்டிப் பார்த்தாள். பேசின் ஒரு சாண் தள்ளி இருந்தது. ஸ்பேனர்கள் அதன்மேலேயே இருந்தன.

போன் அடித்தது. வீட்டுக்காரம்மா.

"குழாய் ஓடுதாம்மா?"

"ஓடுது" என்றாள் மெஷினக்கா. பொய் தானாக வந்தது.

"சத்தம் கேக்கலையே" என்றாள் வீட்டுக்காரம்மா மெதுவாக. "போனுலயே கேக்கும் எனக்கு."

"நீங்கதான அந்த ஸ்க்ரூவ ராவி வெச்சீங்க? வாஷர வெட்டினதும் நீங்கதான? என் குழந்தை காய்ச்சல்ல தூங்காமக் கிடக்கறா, நீங்க என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்க?"

"எப்ப நிறுத்தின?"

"மத்தியானம்."

மூச்சு வாங்குகிற சத்தம். "திறந்து விடு. இப்பவே. குழந்தை எங்க?"

"தூங்குறா."

"தூங்கட்டும். எழுப்பாத. என்ன ஆனாலும் அழ மட்டும் விட்டுறாத."

"எதுக்கு? என்னம்மா இருக்கு அங்க?"

"நான் கிளம்பி வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

இவளுக்குப் பைத்தியம் என்று நினைக்க மெஷினக்கா ஆசைப்பட்டாள். கால் அதற்குள் குளியலறைக்குப் போய்விட்டது. கைப்பிடியை முழுசாகத் திருப்பினாள். தண்ணீர் தடதடவென்று கொட்டி, அவள் காலை நனைத்து, துளைக்குள் சுழன்று இறங்கியது. கொடகொடவென்று சத்தம். குழாய் வழியாக வெகுதூரம் போய், கீழே எங்கேயோ பொத்தென்று விழுகிற சத்தம்.

எல்லா வீட்டிலும் கேட்கிற சாதாரணச் சத்தம்.

இத்தனை நாளில் அந்தத் துளை ஒருமுறைகூட அப்படிச் சத்தம் போட்டதில்லை. எத்தனை வாளி ஊற்றினாலும் சத்தமில்லாமல் போகும். இப்போது தண்ணீர் தடையில்லாமல் போகிறது. உள்ளே யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

உள்ளே இல்லை.

குழாயை அப்படியே ஓடவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். நனைந்த கால் தரையில் சளப் சளப்பென்றது. பாதிக் கூடத்தில், எதற்கோ, திரும்பிப் பார்த்தாள். குளியலறை வாசலிலிருந்து அவள் ஈரக் காலடிகள் வரிசையாகத் தெரிந்தன. வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்த முதல் காலடி, விளிம்பிலிருந்து விளிம்புக்கு, ஒரே இழுப்பில் காணாமல் போனது.

பிறகு அடுத்தது.

காயவில்லை. காய்கிற ஈரம் மெல்ல ஓரத்திலிருந்து சுருங்கும். இது துடைத்த மாதிரி போனது. அகலமாக. ஒரு பக்கமிருந்து மறுபக்கம். அடுத்தது. அதற்கடுத்தது. அவசரமே இல்லை.

மெஷினக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் இருந்த காலடி போனது. வலது குதிகாலில் சூடாக, சொரசொரவென்று, எதுவோ பட்டது. குதிகால். பாதத்தின் ஓரம். விரலிடுக்கு. ஒவ்வொரு விரலிடுக்கு.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நின்றது.

காத்திருந்தாள். இடது கால் ஈரமாகவே இருந்தது. அதைத் தொடவில்லை. வேறு எதையோ கண்டுகொண்டு விட்டதுபோல விட்டுவிட்டது.

படுக்கையறையில் குட்டி தூக்கத்தில் முனகியது.

ஓடினாள். குட்டி மல்லாந்து படுத்திருந்தது. நெற்றியில், மூக்கடியில், கழுத்து மடிப்பில் முத்து முத்தாக வேர்வை. வேர்த்துவிட்டது. காய்ச்சல் இறங்குகிறது. எந்த வேர்வைக்காக அவள் தூங்காமல் காத்திருந்தாளோ, அது குழந்தையின் உடம்பெல்லாம் பூத்துக் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது கன்னத்தின் வேர்வை, காதிலிருந்து மூக்குவரை, ஒரே இழுப்பில் போனது. முடி நெற்றியோடு படிந்தது.

தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாசல் பத்தடிதான். தூக்கினால் விழிக்கும். விழித்தால் அழும், காய்ச்சல் குழந்தை அழாமல் என்ன செய்யும்? தன் கண்ணில் தண்ணீர் முட்டுவது தெரிந்தது. முகத்தை நிமிர்த்திக்கொண்டாள். ஒரு துளி அடங்காமல் இறங்கியது. அது தாடைக்கு வந்து சேரவில்லை.

மெதுவாக. மெதுவாக. ஒரு கையைக் கழுத்துக்கடியில் கொடுத்தாள். இன்னொரு கையை முழங்காலுக்கடியில். பஞ்சு மாதிரி தூக்கித் தோளோடு அணைத்தாள். ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி.

குட்டி தலையைத் தூக்கியது. தூக்கம் கலையாத கண்ணோடு அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அம்மாவின் முகத்தில் என்ன கண்டதோ, கீழுதடு மெல்லப் பிதுங்கியது.

"இல்லடா. ஒண்ணுமில்லடா. அழக்கூடாது. அம்மா இருக்கேன்ல."

இரண்டு கண்ணும் நிறைந்தன. விளிம்பில் தண்ணீர் திரண்டு நின்றது. வலது கண்ணின் இமைமுடிகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து படிந்தன.